பானட்டைத் தொறங்க, பயப்படாதீங்க: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல "கார்ல சின்னச் சின்ன வேலையெல்லாம் நீங்களே பாத்துக்கலாம், சந்தேகம் இருந்தா எழுதுங்க"ன்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். அதுக்கு வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்தையும் படிச்சப்போ மனசுக்கு நிறைவா இருந்துச்சு. பாதிப்பேர் புதுசா செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினவங்க, மீதிப்பேர்ல நிறைய பேர் இப்பதான் தனியா வண்டிய எடுக்க ஆரம்பிச்ச பெண்கள். எல்லாத்துக்கும் இங்க பதில் சொல்ல இடம் பத்தாது, அதனால ஒரே மாதிரி இருந்த கேள்விங்கள சேத்து எடுத்திருக்கேன்.

கேள்வி: ரெண்டு மாசம் முன்னாடி 2015 மாடல் வேகன் ஆர் வாங்கினேன். ஸ்பானர் கையால தொட்டதே இல்ல. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது, என்னென்ன டூல்ஸ் வாங்கணும்? (பள்ளி ஆசிரியர், கரூர்)

டூல்ஸ் இப்ப ஒண்ணும் வாங்க வேணாம் சார். ஞாயித்துக்கிழமை காலைல வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, எஞ்சின் ஆறி இருக்கும்போது பானட்ட தொறந்து வச்சுட்டு, வண்டியோட வந்த மேனுவல கையில எடுத்துக்கோங்க. பழைய ஓனர் மேனுவல் குடுக்கலன்னா கம்பெனி வெப்சைட்ல தேடிப் பாருங்க, நிறைய கம்பெனி சும்மாவே போட்டு வச்சிருக்காங்க. அந்தப் படத்தையும் எதிர்ல இருக்கிற எஞ்சினையும் மாத்தி மாத்திப் பாத்து ஆயில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்கிற கம்பி) எது, கூலன்ட் (எஞ்சின் சூட்டத் தணிக்கிற திரவம்) டப்பா எது, பிரேக் ஆயில் டப்பா எது, வைப்பர் தண்ணி ஊத்துற இடம் எது, பேட்டரி எதுன்னு விரல் வச்சு அடையாளம் சொல்லிப் பழகுங்க. முதல் நாளுக்கு இதுவே போதும்.

அடுத்த வாரம் ஆயில் பாருங்க. வண்டி சமதளத்துல நிக்கணும். ஓட்டிட்டு வந்திருந்தா ஆஃப் பண்ணி ஒரு அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, மேல ஏறின ஆயில் கீழ சேம்பருக்கு, அதாவது ஆயில் தேங்குற தொட்டிக்கு, இறங்கணும்ல. அப்புறம் டிப்ஸ்டிக்க உருவி பனியன் வேஸ்ட்ல சுத்தமா துடைச்சிட்டு திரும்ப முழுசா உள்ள சொருகி மறுபடி எடுங்க, இந்த ரெண்டாவது தடவை எடுக்கிறதுதான் கணக்கு. நுனியில ரெண்டு குறி இருக்கும், ஆயில் அந்த ரெண்டுக்கும் நடுவுல நின்னா சரி. மேல் குறியத் தாண்டி இருந்தா "நிறைய இருக்கு, நல்லதுதானே"ன்னு விட்டுடாதீங்க, கீழ சுத்துற கிராங்க் தண்டு அந்த ஆயில மோர் கடையிற மாதிரி கடைஞ்சு நுரையாக்கிடும், நுரை எங்கயும் வழவழப்பு குடுக்காது.

அப்புறம் அந்த ஆயில ரெண்டு விரல்ல தொட்டு தேச்சுப் பாருங்க, மோந்தும் பாருங்க. கருப்பா இருக்கேன்னு பயப்பட வேணாம், ஓடின ஆயில் கருப்பாத்தான் ஆகும். நெறநெறன்னு மண்ணு மாதிரி உறுத்தினாலோ, பெட்ரோல் வாடை தூக்கலா அடிச்சாலோ, பால் காப்பி கலர்ல இருந்தாலோ அப்ப மெக்கானிக்கிட்ட போங்க. அதுவும் பால் காப்பி கலர்னா கூலன்ட் ஆயில்ல கலக்குதுன்னு சந்தேகப்படணும், வண்டிய ஓட்டிட்டுப் போகாதீங்க, அவர வீட்டுக்கு வரச் சொல்லுங்க.

இதெல்லாம் பழகின பிறகு டயர் காத்து அளக்கிற கேஜ், 8 லேர்ந்து 19 மில்லிமீட்டர் வரைக்கும் ஒரு ரிங் ஸ்பானர் செட்டு, ஒரு டார்ச், ரப்பர் கிளவுஸ், பேட்டரி வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கோங்க. சின்ன காருங்கள்ல 10-ம் 12-ம் தான் அடிக்கடி கைக்கு வரும். சென்னைப் பக்கம் வந்தா மல்டிமீட்டர் ரிச்சி ஸ்ட்ரீட்ல, பார்ட்ஸ் ஜி.பி. ரோட்ல கிடைக்கும்.

கேள்வி: பங்க்ல காத்து அடிக்கிற தம்பி "எவ்ளோ சார்"னு கேட்டா என்ன நம்பர் சொல்றதுன்னே தெரியல. வெயில் காலத்துல கம்மியா வைக்கணும்னு ஃபிரெண்டு சொல்றான், நைட்ரஜன்தான் நல்லதுன்னு இன்னொருத்தன் சொல்றான். (மதுரை)

டிரைவர் கதவத் தொறந்து, கதவு வந்து உக்காருற அந்தத் தூண்ல பாருங்க, இல்லன்னா பெட்ரோல் மூடி உள்பக்கம், ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆள் கம்மியா இருந்தா எவ்வளவு, ஃபுல் லோடுக்கு எவ்வளவு, முன்னாடி பின்னாடின்னு தனித்தனியா போட்டிருப்பாங்க. அதுதான் உங்க நம்பர். டயர் பக்கவாட்டுல பொடி எழுத்துல இருக்கிறது அந்த டயர் தாங்குற அதிகபட்சம், அத சொல்லி அடிச்சிடாதீங்க.

ஸ்டிக்கர்ல இருக்கிறது டயர் ஆறியிருக்கும்போது உள்ள அளவு. அதாவது காலைல வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, இல்லன்னா வண்டி மூணு மணி நேரம் நின்ன பிறகு. சூடு 10 டிகிரி செல்சியஸ் ஏறினா காத்து ஏறக்குறைய ஒண்ணரை பி.எஸ்.ஐ. (காத்தழுத்த அளவு) தானா ஏறும், அத நினைச்சுத்தான் அந்த நம்பரையே வச்சிருக்காங்க. அதனால வெயில்ல பைபாஸ்ல போறதுக்கு முன்னாடி காத்த எறக்கி விடுறது தப்பு, பெரிய தப்பு. காத்து கம்மியான டயர்தான் ஒவ்வொரு சுத்துக்கும் பக்கவாட்டுல மடங்கி மடங்கி நிமிருது, ஒரு கம்பிய மாத்தி மாத்தி வளைச்சா சூடாகுமே அதே மாதிரி உள்ளுக்குள்ளயே கொதிச்சு, நூறு கிலோமீட்டர் வேகத்துல வெடிக்கும். நம்ம ஊரு நாலு வழிச் சாலைங்கள்ல மே மாசம் டயர் வெடிச்சு குடும்பத்தோட கவுந்த செய்தியப் படிக்கிறப்பல்லாம் இதுதான் ஞாபகம் வருது, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

நைட்ரஜன் சும்மா குடுத்தா போட்டுக்கோங்க, இல்லன்னா வேணாம். சாதாரண காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசுக்கு சொந்தமா ஒரு கேஜ் வாங்கி மாசம் ரெண்டு தடவை ஸ்டெப்னியோட சேத்து அஞ்சு டயரையும் பாருங்க. ஒரு டயர் மட்டும் தொடர்ந்து எறங்கிக்கிட்டே இருந்தா ஆணி இருக்கு, இல்லன்னா வால்வு கசியுது.

அப்படியே டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் ஒண்ணு இருக்கும் பாருங்க. 2319-ன்னு இருந்தா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பள்ளத்துக்குள்ள குறுக்கால சின்னச் சின்ன மேடு இருக்கும், பட்டன் (ரோட்டுல படுற ரப்பர்) அந்த மேட்டோட சமமா தேஞ்சுடுச்சுன்னா ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துடுச்சு, டயர் மாத்தியே ஆகணும். மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடியே மாத்துங்க.

கேள்வி: வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்கார். பசங்கள நான்தான் கார்ல கூட்டிட்டுப் போறேன். போன மாசம் பங்சர் ஆகி ரோட்டோரத்துல நின்னுட்டேன். ஜாக்கி போட்டு தூக்கிட்டேன், ஆனா நட்டு அசையவே இல்ல, கடைசியில ஒரு லாரி டிரைவர் அண்ணன்தான் மாத்திக் குடுத்தார். பொம்பளைங்களால ஸ்டெப்னி மாத்த முடியாதா? (திருநெல்வேலி)

தாராளமா முடியும்மா. நட்டு அசையாததுக்கு ரெண்டு காரணம் இருக்கு, ரெண்டுமே உங்க பலத்துல இல்ல. முதல் காரணம், நீங்க தூக்கிட்டு அப்புறம் கழட்டப் பாத்திருக்கீங்க. தூக்கிட்டா வீலும் சேந்து சுத்தும், இழுக்கிற இழுப்புல ஜாக்கியும் சாயும். வீல் தரையில இருக்கும்போதே நட்ட அரைச் சுத்து லூஸ் பண்ணிடணும், அப்புறம்தான் ஜாக்கி. ரெண்டாவது காரணம் டயர் கடை. நிறைய கடையில காத்து கன் வச்சு சர்ருனு அடிச்சு முறுக்கி விட்டுடறாங்க, அத வண்டியோட வர்ற குட்டை ஸ்பானர்ல ஆம்பளைங்களாலயும் கழட்ட முடியாது. அடுத்த தடவை போனா பக்கத்துல நின்னு "கடைசி டைட்டு கையால வைங்கண்ணே"ன்னு கேளுங்க, செய்வாங்க.

ஒரு நாள் பசங்க ஸ்கூல் போன பிறகு வீட்டு வாசல்லயே ஒரு தடவை செஞ்சு பாத்துடுங்க, ரோட்டுல முதல் தடவையா செய்யக்கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல விட்டுட்டு, மாத்தப் போற வீலுக்கு மூலைவிட்டமா எதிர்ல இருக்கிற வீலுக்கு முன்னயும் பின்னயும் செங்கல் வைங்க. வீல் ஸ்பானர நட்டுல முழுசா உள்ள போற மாதிரி மாட்டி, பிடி இடது பக்கம் படுக்கைவாட்டுல வர்ற மாதிரி வச்சு, கையால இழுக்காம ஒரு காலத் தூக்கி வச்சு உங்க உடம்பு வெயிட்ட மெதுவா அதுமேல இறக்குங்க. குதிக்க வேணாம், சுவரப் பிடிச்சுக்கிட்டு சும்மா ஏறி நில்லுங்க. "கிர்ர்க்"னு ஒரு சத்தம் வரும், அதுதான் நட்டு விட்டுக் குடுக்கிற சத்தம். அதக் கேட்டதும் வர்ற தைரியம் இருக்கே, அதுக்காகவாவது ஒரு தடவை செய்யுங்க.

ஜாக்கி வைக்கிற இடம் கண்ட இடம் இல்ல. முன் வீலுக்குக் கொஞ்சம் பின்னாடி, பின் வீலுக்குக் கொஞ்சம் முன்னாடி, கதவுக்குக் கீழ இருக்கிற தகட்டு விளிம்புல ரெண்டு வெட்டு இருக்கும், அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஜாக்கி தலை உக்காரணும். தூக்கின உடனே ஸ்டெப்னிய வண்டிக்கு அடியில படுக்க வச்சுடுங்க, ஜாக்கி சரிஞ்சாலும் வண்டி அதுமேலதான் உக்காரும். பழைய வீல கழட்டினதும் அத அடியில தள்ளிட்டு ஸ்டெப்னிய எடுத்துக்கோங்க. நட்டுல கூம்பா இருக்கிற பக்கம் வீல் பாத்து இருக்கணும். எல்லா நட்டையும் முதல்ல விரலாலயே மரை ஏத்துங்க, ஸ்பானர் போட்டு ஆரம்பிச்சா மரை குறுக்கால ஏறிக்கும், அப்புறம் போல்ட்டே போச்சு. இறக்கின பிறகு நட்சத்திரம் வரையிற மாதிரி எதிரெதிரா டைட் வைங்க, வரிசையா சுத்தி வந்தா வீல் ஒரு பக்கமா உக்காந்துடும். மாத்தி ஒரு அம்பது கிலோமீட்டர் ஓடின பிறகு இன்னொரு தடவை டைட் பாத்துடுங்க.

நேஷனல் ஹைவேல, அதுவும் டிராஃபிக் பக்கத்து வீல் பங்சர்னா, கீழ உக்காந்து மாத்தவே வேணாம். ரிம் வீணானாலும் பரவாயில்லன்னு மெதுவா உருட்டி நல்லா ஓரமா ஒதுக்கிடுங்க, பசங்கள இறக்கி தடுப்புக் கம்பிக்கு அந்தப்பக்கம் நிக்க வச்சுட்டு 1033-க்கு போன் பண்ணுங்க, அது ஹைவே உதவி நம்பர்.

கேள்வி: கூலன்ட் டப்பால அளவு குறைஞ்சுகிட்டே வருது. "நம்ம ஊர்ல பனியா கொட்டுது, சும்மா தண்ணி ஊத்துடா"ன்னு அப்பா சொல்றார். (சேலம்)

அப்பா காலத்து வண்டிங்களுக்கு எல்லாரும் தண்ணிதான் ஊத்தினாங்க தம்பி, அவரு சொல்றது அந்த அனுபவத்துல. ஆனா கூலன்ட் பனிக்கு மட்டும் இல்ல. அதுல துருப்பிடிக்காம இருக்க மருந்து இருக்கு, கொதிநிலையையும் அது ஏத்துது. இப்ப எஞ்சின்ல நிறைய அலுமினியம், போர் தண்ணி ஊத்தினா உப்பு படிஞ்சு, நம்ம வீட்டு ஹீட்டர் ராடுல வெள்ளையா ஏறுமே அந்த மாதிரி ரேடியேட்டர் குழாய்ங்கள்ல ஏறி அடைச்சிடும். அவசரத்துக்கு ரோட்டுல தண்ணி ஊத்திக்கலாம், ஆனா வந்ததும் மாத்திடணும். மேனுவல்ல சொன்ன வகை கூலன்ட்டயே வாங்குங்க, பச்சை சிவப்புன்னு கலர வச்சு முடிவு பண்ணாதீங்க, கலருக்கு ஒரு பொது விதி கிடையாது. ஒரு வகையோட இன்னொண்ணக் கலக்கவும் வேணாம்.

வருஷத்துக்கு ஒரு தடவை துளி குறைஞ்சா பரவாயில்ல. மாசா மாசம் குறையுதுன்னா எங்கயோ போகுது. காலைல வண்டிக்கு அடியில ஒரு பழைய அட்டைய விரிச்சு வச்சுப் பாருங்க, கலர் தண்ணி சொட்டினா ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப்னு மெக்கானிக் தேடிக் கண்டுபிடிச்சிடுவார். அட்டையில ஒண்ணுமே இல்லாம அளவு மட்டும் குறையுதுன்னா எஞ்சின் உள்ளயே போகுதோன்னு பாக்கணும், தள்ளிப் போடாதீங்க.

இன்னொரு விஷயம் சொல்லாம விட மனசு வரல. எங்க மாமா ஒருத்தர் தொப்பூர் கணவாய் ஏறி முடிச்சதும் டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்குப் போயிருக்கு, நிறுத்தி பானட்ட தொறந்து ஒரு துண்டப் போட்டு ரேடியேட்டர் மூடியத் திருகியிருக்கார். மூடி போன இடம் தெரியல. கொதிக்கிற தண்ணியும் ஆவியும் பீறிட்டு வந்து வலது கை முழங்கை வரைக்கும் தோல் உரிஞ்சு, ஒரு மாசம் ஆஸ்பத்திரி. குக்கர்ல விசில் அடங்குறதுக்கு முன்னாடி நீங்க மூடியத் தொறப்பீங்களா? அதே சங்கதிதான். உள்ள அழுத்தம் இருக்கிறதால தண்ணி 100 டிகிரியத் தாண்டியும் கொதிக்காம அடங்கி இருக்கும், மூடியத் தொறந்த நொடியில அழுத்தம் போயி ஒரே நேரத்துல கொதிச்சு ஆவியோட பீறிடும். சில காருங்கள்ல அந்த பிளாஸ்டிக் டப்பாவே அழுத்தத்துலதான் இருக்கும். வெறுங்கையால ரேடியேட்டர் மேல் ஹோஸத் தொட்டா சுடக்கூடாது, அந்த அளவுக்கு ஆறின பிறகுதான் எந்த மூடியையும் தொடணும்.

கூலன்ட் விஷம். ருசி இனிப்பா இருக்கிறதால கீழ சிந்தினா நாய் நக்கிடும், செத்தும் போயிடும். சிந்தினா நிறைய தண்ணி விட்டு அலசி விடுங்க, மிச்சம் இருக்கிற கேன குழந்தை கைக்கு எட்டாத இடத்துல வைங்க.

கேள்வி: வைப்பர் போட்டா கீச்சு கீச்சுன்னு சத்தம், கண்ணாடியும் தெளிவாகல. (நாகர்கோவில்)

முதல்ல ஈரத்துணியால ரப்பர் ஓரத்தயும் கண்ணாடியயும் துடைச்சுப் பாருங்க, பாதி நேரம் அதுலயே சரியாயிடும். ஆகலன்னா பிளேடு மாத்துங்க, ரெண்டு பக்கமும் நீளம் வேறயா இருக்கும், இன்ச் கணக்குல அளந்துட்டுப் போங்க. கழட்டும்போது கீழ கண்ணாடி மேல ஒரு தடி டவல மடிச்சுப் போட்டுக்கோங்க. பிளேடு இல்லாத கம்பிக்கை ஸ்பிரிங் வேகத்துல டப்புனு விழுந்தா கண்ணாடி விரிஞ்சிடும், ஐந்நூறு ரூபா வேலைக்குப் போயி பல ஆயிரம் செலவு.

கேள்வி: பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வந்தா பேட்டரி டவுன். டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பவுடர் பூத்திருக்கு. நானே சுத்தம் பண்ணலாமா? (தாம்பரம்)

பண்ணலாம், ஆனா கிளவுஸும் கண்ணாடியும் போட்டுக்கிட்டு, பக்கத்துல பீடி சிகரெட் ஒண்ணும் இல்லாம. பேட்டரியிலேர்ந்து வர்ற ஹைட்ரஜன் தீப்பொறி பட்டா வெடிக்கும். வண்டி ஆஃப்ல, சாவி வெளிய. 10-ஆம் நம்பர் ஸ்பானர்ல மைனஸ் டெர்மினல முதல்ல கழட்டுங்க, அப்புறம் பிளஸ். மாட்டும்போது தலைகீழா, பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசி. ஏன்னா வண்டியோட பாடி மொத்தமும் மைனஸ். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸ கழட்டுற ஸ்பானர் தப்பித்தவறி பாடியில பட்டா வெல்டிங் மாதிரி பொறி பறக்கும். மைனஸ முதல்லயே எடுத்துட்டா ஸ்பானர் எங்க பட்டாலும் ஒண்ணும் ஆகாது.

சூடான தண்ணியில ரெண்டு ஸ்பூன் ஆப்பசோடா கரைச்சு பழைய டூத் பிரஷ்ல தொட்டு அந்தப் பவுடர் மேல தேயுங்க, புஸ்ஸுனு பொங்கும், ஆசிட்ட சோடா முறிக்கிறதுதான் அது. தண்ணி ஊத்துற மூடி வச்ச பேட்டரின்னா அந்த மூடி வழியா உள்ள சோடாத் தண்ணி போகாம பாத்துக்கணும். துடைச்சு, நல்லா காயவச்சு, மாட்டி டைட் வச்சபிறகு மேல வாஸ்லின் பூசிடுங்க.

அப்புறம் அந்த மல்டிமீட்டர எடுங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில 12.6 வோல்ட் காட்டினா ஃபுல், 12.2-ன்னா பாதிதான் இருக்கு. எஞ்சின் ஓடும்போது 13.8 லேர்ந்து 14.4 வரைக்கும் வரணும், வரலன்னா தப்பு பெரும்பாலும் பேட்டரியில இல்ல, ஆல்டர்னேட்டர்ல, அதாவது எஞ்சின் ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்ற பாகத்துல. இது தெரியாமத்தான் நிறைய பேர் புது பேட்டரி வாங்கிப் போட்டுட்டு மறு வாரமே மறுபடி நிக்கிறாங்க. நம்ம ஊரு வெயிலுக்கு பேட்டரி மூணு நாலு வருஷம் வந்தாலே பெரிசு.

பக்கத்து வண்டியிலேர்ந்து ஜம்ப் பண்ணணும்னா, அதாவது அந்த பேட்டரியில ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணணும்னா, சிவப்பு ஒயர டவுனான பேட்டரி பிளஸ்ல, மறுமுனை நல்ல பேட்டரி பிளஸ்ல, கருப்பு நல்ல பேட்டரி மைனஸ்ல. கருப்போட கடைசி முனைய டவுனான பேட்டரியில மாட்டாதீங்க, அந்த வண்டி எஞ்சின்ல பெயின்ட் இல்லாத ஒரு இரும்புல கவ்வ விடுங்க. பொறி வந்தாலும் பேட்டரிய விட்டு தள்ளி வரும்.

கேள்வி: யூடியூப் பாத்து இன்ஜின் ஆயில் நானே மாத்தலாம்னு இருக்கேன். அபார்ட்மென்ட் பார்க்கிங்லதான் இடம். (ஐ.டி. ஊழியர், கோயம்புத்தூர்)

ஆசை நல்ல ஆசைதான். நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன், காரணம் வேற. ஒரு ஒர்க்‌ஷாப்புல ஆயில் மாத்தின பிறகு மூணு மாசமா வாசல்ல பத்து பைசா அளவுக்கு கருப்பு புள்ளி விழுந்துகிட்டே இருந்துச்சு. ட்ரெயின் நட்டுக்கு (பழைய ஆயில வெளிய விடக் கழட்டுற நட்டு) அடியில இருக்கிற வாஷர மாத்தாம பழசையே போட்டு முறுக்கியிருந்தாங்க. அந்த வாஷர் மெல்லிசான உலோகம், நட்ட டைட் பண்ணும்போது நசுங்கித்தான் கசிவ அடைக்குது, ஒரு தடவை நசுங்கினது அடுத்த தடவை அடைக்காது. விலையும் ரொம்பக் கம்மி. அன்னைலேர்ந்து பார்ட்ஸ் கடைக்குப் போனா வாஷர் ரெண்டு சேத்து வாங்கி வச்சுக்கிறது பழக்கம்.

ஆனா தம்பி, ஒரு விஷயத்துல மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன். வண்டியோட வந்த ஜாக்கிய மட்டும் நம்பி யாரும் அடியில தலைய நுழைக்கக் கூடாது, ஒரு நிமிஷம் கூட. அந்த ஜாக்கி வீல் மாத்த மட்டும்தான். அடியில போகணும்னா ஜாக் ஸ்டாண்ட் (தூக்கின வண்டியத் தாங்கி நிக்கிற ஸ்டாண்ட்) ரெண்டு, இல்லன்னா வீல் ஏத்தி நிறுத்துற ரேம்ப், கெட்டியான தரை, பின் வீலுக்குக் கட்டை. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் அடுக்கி வைக்கிறத பாத்திருக்கேன், அது பொலபொலன்னு உடைஞ்சிடும், எச்சரிக்கையே குடுக்காது. ஸ்டாண்ட் வாங்க காசு இல்லன்னா இந்த வேலைய செய்யவே வேணாம்.

மத்தபடி வேலை பெரிசில்ல. எஞ்சின் கொதிக்காம வெதுவெதுப்பா இருக்கணும். நட்ட கழட்டி ஆயில் முழுசா சொட்டி முடிய நேரம் குடுங்க. பழைய ஃபில்டர கழட்டினதும் அதோட ரப்பர் வளையம் கூடவே வந்துச்சான்னு பாருங்க, சில நேரம் எஞ்சின்லயே ஒட்டிக்கும். அது தெரியாம புதுச அதுமேல மாட்டினா ஓடும்போது மொத்த ஆயிலும் பீச்சியடிச்சு வெளிய போயிடும். புது ஃபில்டர் ரப்பர்ல விரலால கொஞ்சம் ஆயில் தடவி, கையால சுத்தி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுத்து, அவ்வளவுதான், ஸ்பானர் போடாதீங்க. ட்ரெயின் நட்டையும் பலம் காட்டி முறுக்க வேணாம், சேம்பர் மரை போச்சுன்னா செலவு பெரிசு. மேனுவல்ல சொன்ன கிரேடு ஆயில் ஊத்தி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, அடியில கசிவு பாத்து, டிப்ஸ்டிக் பாத்து முடிங்க.

பழைய ஆயில என்ன பண்ணப் போறீங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க. 2016 அபாயக் கழிவு விதிகள் படி அது அபாயக் கழிவு. சாக்கடையில ஊத்தினா நொய்யலுக்குத்தான் போகும். அதே கேன்ல அடைச்சு, வாங்கிக்கிற ஒரு ஒர்க்‌ஷாப்புல குடுத்துடுங்க. வண்டி வாரண்டியில இருந்தா இந்த வேலைய கம்பெனி சர்வீஸ்லயே விடுறதுதான் என் யோசனை, பின்னாடி எஞ்சின் கிளெய்ம்னு வந்தா பில்லுதான் பேசும்.

கேள்வி: ஏசி ஃபுல் ஸ்பீடு வச்சாலும் காத்து லேசாத்தான் வருது. கேஸ் போடணும்னு சொல்றாங்க. (வேலூர்)

கேஸ் கம்மின்னா காத்து நல்லா வரும், குளிர்ச்சிதான் இருக்காது. உங்களுக்கு காத்தே வரலங்கிறீங்க, அதனால முதல்ல கேபின் ஃபில்டர, அதாவது காருக்குள்ள வர்ற காத்த வடிகட்டுறத, பாருங்க. பெரும்பாலான காருங்கள்ல டேஷ்போர்டு டப்பாவோட ரெண்டு பக்கமும் உள்பக்கமா அமுக்கினா கீழ இறங்கி வந்துடும், பின்னாடி ஒரு பிளாஸ்டிக் மூடி, அதுக்குள்ள சொருகியிருக்கும். மெதுவா படுக்கைவாட்டுல உருவுங்க, இல்லன்னா குப்பை உள்ள ஃபேன்ல கொட்டிடும். போன வாரம் எங்க பக்கத்து வீட்டு வண்டியில நான் உருவினப்போ புங்கமரத்துச் சருகு, தலைமுடி, ஒரு காஞ்ச பூரான் எல்லாம் வந்துச்சு, அந்த ஃபில்டர் ஒரு காலத்துல வெள்ளையா இருந்ததுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. அத்தனையும் தாண்டித்தான் அந்த வீட்டுக் குழந்தைக்கு காத்து வந்திருக்கு. புது ஃபில்டர்ல அம்புக்குறி இருக்கும், காத்து போற திசை பாத்து போடணும். பத்து நிமிஷ வேலை. மாத்தியும் சரியாகலன்னா அப்புறம் ஏசி மெக்கானிக்.

கேள்வி: எலி ஒயர கடிச்சிடுது. புகையிலை கட்டினா போகுமா? (தஞ்சாவூர்)

கொஞ்ச நாளைக்கு போகும், வாடை போனதும் திரும்ப வரும். நாலஞ்சு நாளைக்கு மேல வண்டிய அசையாம நிறுத்தாம இருக்கிறது, வண்டிக்குள்ள முறுக்கு பிஸ்கட் தூள் இல்லாம வச்சிருக்கிறது, பக்கத்துல குப்பைத்தொட்டி, நெல்லு மூட்டை இல்லாம பாத்துக்கிறது, இது மூணும்தான் நிக்குது. வயல் பக்கத்து வீடுன்னா ராத்திரி பானட்ட தொறந்தே விட்டுப் பாருங்க, இருட்டும் கதகதப்பும் இல்லன்னா கூடு கட்டாது. காலைல எடுக்கிறதுக்கு முன்னாடி பானட்ட ஒரு தட்டு தட்டுங்க, பூனைக்குட்டி ஏதும் இருந்தாலும் ஓடிடும்.

கேள்வி: மழை வெள்ளத்துல வண்டி முங்கினா தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா? (வேளச்சேரி)

வேணவே வேணாம். 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் முங்கின வண்டிங்கள்ல நிறைய எஞ்சின் செத்தது தண்ணியால இல்ல, வடிஞ்ச பிறகு ஆசையா சாவி போட்டதால. சிலிண்டர்க்குள்ள தண்ணி இருந்தா அது அமுங்காது, பிஸ்டன் மேல வந்து மோதி கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். சாதாரண இன்ஷூரன்ஸ்ல, எஞ்சின் ப்ரொடெக்ட் சேத்து எடுக்கலன்னா, அந்தச் செலவுக்கு கை விரிச்சிடுவாங்க. பேட்டரி மைனஸ கழட்டிட்டு, தண்ணி எவ்வளவு உயரம் நின்னுச்சுன்னு தெரியுற மாதிரி போட்டோ எடுத்துட்டு, டோ வண்டிக்கு சொல்லுங்க.

கேள்வி: பிரேக் பேடும் வீட்டுலயே மாத்தலாமா? (ஓசூர்)

ஆரம்பத்துல வேணாம். மத்த வேலையில தப்பு நடந்தா வண்டி நிக்கும், இதுல தப்பு நடந்தா வண்டி நிக்காது. நீங்க செய்ய வேண்டியது கவனிக்கிறது மட்டும்தான். பிரேக் ஆயில் டப்பா குறிக்குக் கீழ இறங்கினா பேடு தேஞ்சிருக்கு, இல்ல எங்கயோ கசியுது. வெறும ஊத்தி நிரப்பி மறைச்சிடாதீங்க, காரணத்தக் கேளுங்க. அந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்த உறிஞ்சும், அதனால எப்பயோ பாதி ஊத்தி மிச்சம் வச்ச பாட்டில பயன்படுத்தாதீங்க. பெயின்ட் மேல சிந்தினா உடனே தண்ணி விட்டுக் கழுவுங்க, பெயின்ட்ட அரிச்சிடும்.

கேள்வி: நான் பானட் தொறந்தாலே என் பன்னெண்டு வயசு பொண்ணு ஓடி வந்து நிக்கிறா. அவளுக்கு என்ன வேலை குடுக்கலாம்? (திண்டுக்கல்)

இந்தக் கடிதத்த ரெண்டு தடவை படிச்சேன்மா. டயர் கேஜ அவகிட்ட குடுத்துடுங்க, அது அவ பொறுப்பு. வால்வுல நேரா வச்சு அழுத்தினா "ஸ்ஸ்"னு சத்தம் நிக்கணும், நிக்கலன்னா கோணலா பிடிச்சிருக்கான்னு அர்த்தம், நாலு தடவையில கை பழகிடும். வைப்பர் தண்ணி ஊத்துறது, டிப்ஸ்டிக் துடைக்கிறது இதுவும் அவ செய்யலாம். ஃபியூஸ் பாக்ஸையும் காட்டுங்க. சார்ஜர் பாயின்ட் வேலை செய்யலன்னா பெரும்பாலும் ஒரு குட்டி ஃபியூஸ்தான் போயிருக்கும், சிவப்புன்னா 10 ஆம்பியர், நீலம்னா 15, மஞ்சள்னா 20. எந்த நம்பர் போச்சோ அதே நம்பர்தான் போடணும்னு சொல்லிக் குடுங்க, பெரிய நம்பர் போட்டா ஃபியூஸ் தப்பிச்சு ஒயர் எரியும். பேட்டரி, கூலன்ட், ரேடியேட்டர் ஃபேன் இந்த மூணு பக்கமும் கை போகக்கூடாது, சில வண்டியில சாவி எடுத்த பிறகும் ஃபேன் தானா சுத்தும். துப்பட்டாவ கழட்டி வச்சு, முடியையும் கொண்டை போட்டுட்டு நிக்கச் சொல்லுங்க.

அப்புறம் ஒரு நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி டேஷ்போர்டுல போட்டுடுங்க. தேதி, எத்தனை கிலோமீட்டர், நாலு டயர் காத்து, ஸ்டெப்னி, ஆயில் அளவு, என்ன மாத்தினோம், என்ன விலை, எல்லாம் அவ எழுதட்டும். எங்கப்பா வச்சிருந்த அந்த மாதிரி நோட்டு இன்னும் எங்க வீட்டுல இருக்கு, அதப் பாத்துத்தான் எங்க மெக்கானிக் ஒரு தடவை வண்டியத் தொடாமலே எந்த டயர்ல மெதுவா காத்து கசியுதுன்னு சொன்னாரு. வர்ற ஞாயித்துக்கிழமை வண்டி மீட்டர் எத்தனை கிலோமீட்டர் காட்டுதோ அதயே முதல் வரியா எழுதச் சொல்லுங்க.